ஆடிப்பட்டம் யாருடைய பட்டம்? மழையையும் காற்றையும் பற்றிய நம் பழமொழிகள்

ஒவ்வொரு வருடமும் ஜூலை நடுப்பகுதியில், ஆடிப்பிறப்புக்கு இரண்டொரு நாள் முன்னோ பின்னோ, எனது கைபேசிக்கு ஒரு படம் வந்துவிடும். பச்சை வயல், ஏர் பூட்டிய இரண்டு காளைகள், மேலே தடித்த எழுத்தில் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’. கீழே நம் முன்னோரின் அறிவைப் புகழ்ந்து ஒரு வரி. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்கள். சிலர் இப்போது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள்.

அந்தப் படம் வரும் நேரத்தில் வெளியே போய் உண்மையான யாழ்ப்பாணத்து வயல் ஒன்றைப் பார்த்தால், தரை வெடித்துக் கிடக்கும். காய்ந்த புல்லை மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். சோளகக் காற்றில் புழுதி எழும். ஆடியில் இங்கே மானாவாரி வயலில் யாரும் நெல் விதைப்பதில்லை. விதைத்தால் அது குருவிக்கும் எறும்புக்கும் போட்ட தீனி.

பழமொழி பொய்யா என்றால், இல்லை. அது வேறோர் இடத்தின் உண்மை. தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் கொட்டும்போது காவிரி பெருகுகிறது. அந்த வெள்ளம் தஞ்சைச் சமவெளிக்கு வந்து சேரும் மாதம் ஆடி. அதனால்தான் ஆடி 18ஆம் நாளை அங்கே ஆடிப்பெருக்கு என்று ஆற்றங்கரையில் கொண்டாடுகிறார்கள். தமிழகத்தின் மேற்குப் பகுதிகளில் அந்தப் பருவமழையின் ஒரு பங்கு நேரடியாகவே விழுகிறது. அங்கே ஆடியைத் தவறவிட்ட கமக்காரருக்கு அந்த ஆண்டு தவறிவிடும். ‘தேடி விதை’ என்ற அவசரம் அப்படி வந்தது.

எங்களுக்கு ஆடி என்றால் கூழ். பனங்கட்டி, தேங்காய்ப்பால், அரிசிமா, பயறு எல்லாம் சேர்த்துக் காய்ச்சும் ஆடிக்கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘ஆடிப்பிறப்பு’ப் பாடலைப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் ஆடியோடு சேர்ந்து வரும் நினைவு வாயூறும் நினைவுதான், உழவு அல்ல. குடாநாட்டில் காவிரி போல ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்று உண்டு. அதுவும் ஆடியில் வறண்டு கிடக்கும். ஆடிப்பெருக்கைக் கொண்டாட எங்களிடம் பெருகும் தண்ணீர் இருக்கவில்லை.

இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இயற்கையைப் பற்றிய பழமொழி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு மாதம் உண்டு, ஒரு பயிரோ தொழிலோ உண்டு. அவற்றைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு வசனம் மட்டும். அழகான வசனத்தை நம்பி விதைநெல்லை மண்ணில் போட முடியாது.

கழற்றும் வேலையில் அச்சுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர், 1843இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழித் தொகுப்பை வெளியிட்டார். பின்னர் 1874இல் சென்னையில் அவர் வெளியிட்ட பெரிய பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இருக்கின்றன. அவை இல்லையென்றால் எத்தனையோ தொலைந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்படிப்பட்ட பட்டியலில் ஏறியதும் காவிரிக்கரைப் பழமொழியும் வன்னிப் பழமொழியும் ஒன்றுக்கடுத்து ஒன்றாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. யார் சொன்னது, எந்த மண்ணில் நின்று சொன்னது என்ற விபரம் வரிக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. பள்ளிக்கூடப் புத்தகங்கள் அந்தப் பட்டியல்களிலிருந்தே எடுத்துக்கொண்டன. வட்ஸ்அப் இப்போது பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆடியிலேயே எங்களுக்கும் பொருந்தும் பழமொழி ஒன்று இருக்கிறது. ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்.’ பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் ஆடியில் ஒருநாள் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலிக் கிடுகு பிய்ந்து ஒழுங்கையில் கிடக்கும். கொடியில் காயப்போட்ட சீலை பக்கத்து வளவுக்குப் போய்விடும். இது தென்மேற்குப் பருவக்காற்று. இரத்தினபுரிக்கும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளுக்கும் மழையாக இறங்கும் அதே காற்றுத்தான். ஈரத்தை அங்கே கொட்டிவிட்டு வடக்கையும் கிழக்கையும் வெறுங்கையோடு வந்தடைகிறது.

மட்டக்களப்பில் இந்தக் காற்றின் பெயர் கச்சான். மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காற்று அமுக்கப்பட்டுச் சூடாகிறது. அதனால் கச்சான் வீசும் நாட்களில் படுவான்கரையில் நிற்பது அடுப்புக்கு முன்னால் நிற்பதைப் போன்றது. சில நாட்களில் கடற்காற்றையும் கரைக்கு வரவிடாமல் தள்ளிவிடும். உலக வானிலை அகராதிகளில் இந்தக் காற்று கச்சான் என்ற எங்கள் பெயராலேயே பதிவாகியிருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் அதை ஏன் காணோம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம் கச்சான் என்றால் கோயில் திருவிழாவில் வாங்கித் தின்னும் கடலை மட்டும்தான் நினைவுக்கு வரும்.

காற்றின் பெயர்களை அதிகம் சேர்த்து வைத்திருப்பவர்கள் கமக்காரர்களை விடக் கடற்றொழிலாளர்கள். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று காற்று வரும் திசைக்கு ஒரு பெயர். ஒவ்வொரு பெயரும் எந்தக் கரையில் வாடி போடுவது, எந்த வலையை எடுப்பது என்ற முடிவோடு சேர்ந்தது. சோளகம் தொடங்கி மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது தொழிலாளர்கள் கிழக்குக் கரைக்குப் பெயர்வார்கள். வாடை தொடங்கும்போது கணக்கு மாறும். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலில் நெடுந்தீவுக்கு வெளியூர்த் தொழிலாளர்கள் வந்து இறங்குவதே இந்தக் கணக்கின்படிதான். 1978இல் அது படமாகவும் வந்தது.

இந்த அறிவு நூலில் இல்லை, கரையில் இருந்தது. மயிலிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் இடம்பெயர்ந்த மக்களுக்குத் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. 27 வருடங்கள். இடையில் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் பழமொழி தெரியும். தாய் சொல்லியிருப்பாள், தகப்பன் சொல்லியிருப்பார். ஆனால் எந்தத் திசையில் முகில் கட்டினால் அந்தக் கடலில் எத்தனை மணித்தியாலத்துக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கரையில் நின்று பார்த்துத்தான் பழக முடியும். மீள்குடியேறிய ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். “சொல்லு எங்களிட்ட இருக்கு. கடலைத்தான் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கு” என்றார்.

‘அம்மியும் பறக்கும்’ என்பதை விட்டு நகருமுன் ஒரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இது ‘அம்மி’ அல்ல ‘அம்மை’ என்றும், ஆடிக்காற்றோடு அம்மைநோய் போய்விடும் என்பதுதான் உண்மையான பொருள் என்றும் ஒரு விளக்கம் சுற்றுகிறது. ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா’ என்பதற்கும் அப்படியொரு திருத்தம் வந்திருக்கிறது. குதிரை அல்லவாம், ‘குதிர்’, அதாவது ஆற்றிடை மணல்மேடாம். அகராதியைப் புரட்டினால் குதிர் என்பது நெல் சேமிக்கும் கூடு. மணல்மேடு எங்கிருந்து வந்தது? பழமொழி வேண்டுமென்றே மிகைப்படுத்தும். அம்மி பறக்காது என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். தண்ணீரில் கரைந்துபோகும் களிமண் குதிரையில் ஏறி ஆற்றைக் கடக்கப் போகிறவனை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புத்தான் பழமொழியின் உயிர். அதை எடுத்துவிட்டு ஒரு ‘விஞ்ஞான விளக்கத்தை’ வைப்பவர்கள், முன்னோருக்குப் பகிடி விடத் தெரியாது என்று நினைக்கிறார்கள் போலும்.

பூச்சி புழுக்களைப் பார்த்து மழை சொல்லும் பழமொழிகள் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் மிகை குறைவு, கவனிப்பு அதிகம். ‘அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்’, ‘எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை’, ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’. கறையான் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதற்கு மண் இளகியிருக்க வேண்டும், காற்றில் ஈரம் நிறைந்திருக்க வேண்டும். காற்று ஓய்ந்த அந்திப்பொழுது அதற்கு வசதி. சிறு பூச்சிகள் தாழப் பறக்கும்போது அவற்றைப் பிடிக்கும் தட்டானும் தாழ இறங்குகிறது. இவை சொல்வது அடுத்த சில மணித்தியாலத்தை, மிஞ்சினால் ஒருநாளை. காயப்போட்ட நெல்லை உள்ளே எடுப்பதா, விறகை மூடுவதா என்று முடிவெடுக்க இது போதும். ஒரு போகத்தைத் திட்டமிடப் போதாது. ‘அச்சாரம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். விலை பேசி முன்பணம் கொடுத்தாயிற்று என்றுதான் சொல்கிறது. முழுத்தொகை கைக்கு வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பதிலும் நல்ல கவனிப்பு இருக்கிறது. வாடைமழை ஓய்ந்து வானம் வெளித்த பின், இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து புல்லில் நீராகப் படிகிறது. நிலம் காயக் காயப் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் இடையிலான வித்தியாசம் கூடுகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் மச்சு எங்கே இருந்தது என்று கேட்கலாம். பழைய வீடுகள் பெரும்பாலும் பனையோலைக் கூரைகள். ஆனாலும் பனி பட்ட வெங்காயத் தாளில் பூஞ்சண நோய் பரவும் என்ற பயத்தோடு விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பழமொழி அந்நியமாக இல்லை.

இனி, எனக்கு அதிகம் கவலை தரும் பழமொழி. ‘கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை.’ ஓசை நயமும் கர்ணனும் சேர்ந்ததால் மறக்கவே முடியாத வசனம். தமிழகத்தின் பெரும்பகுதிக்கு இது ஓரளவு சரி. வடகிழக்குப் பருவமழை அங்கே ஐப்பசியிலும் கார்த்திகையிலும் உச்சம் கண்டு, மார்கழியில் தளரும். யாழ்ப்பாணத்துக்கும் உச்சமாதம் நவம்பர்தான்.

ஆனால் கிழக்கே போகப் போக நாட்காட்டி பின்னுக்குத் தள்ளுகிறது. எங்கள் வளிமண்டலவியல் திணைக்களம் ஒக்டோபர், நவம்பரை இரண்டாம் இடைப்பருவமென்றும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரையை வடகீழ்ப் பருவமென்றும் வகுத்திருக்கிறது. மட்டக்களப்பில் அதிக மழை பெய்யும் மாதம் டிசம்பர். ஜனவரியிலும் மழை விடுவதில்லை. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த வெள்ளம் மார்கழி வெள்ளம். அறுவடையை நோக்கி நின்ற நெல் தண்ணீருக்குள் போனது. 2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கி, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோதும் மார்கழி பிறந்து ஒரு வாரம்தான். இன்னும் பின்னே போனால், மன்னாரையும் எதிர்க்கரையில் தனுஷ்கோடியையும் அழித்த 1964ஆம் ஆண்டுச் சூறாவளி டிசம்பர் 22ஆம் திகதி இரவுக்குரியது. அதுவும் மார்கழி.

இது வெறும் சொல்லாராய்ச்சி விடயமல்ல. கார்த்திகை விளக்கீடு முடிந்ததும் ‘இனி மழை விட்டுது’ என்று தாழ்ந்த காணியில் வைக்கோலையும் விதைவெங்காயத்தையும் இறக்கி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். திணைக்களத்தின் அறிவித்தல் ஒருபக்கம், கர்ணன் ஒருபக்கம் என்றால் கர்ணன் பல வீடுகளில் வென்றுவிடுகிறான். அறிவித்தல் ஒரு நாளைக்கு வருவது, கர்ணன் தலைமுறையாக வருபவன்.

மாரியோடு சேர்ந்து எங்கள் தலைமுறைக்கு இன்னொரு நினைவும் ஒட்டிக்கொண்டது. ‘ஐப்பசி கார்த்திகை அடைமழை’ என்று ஆச்சிமார் சொல்லும்போது எனக்கு வயலோ குளமோ நினைவுக்கு வருவதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் நகர்ந்த சனம்தான் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஐப்பசி. பழமொழியின் பொருள் வாழ்க்கையால் மாறுவதற்கு நூற்றாண்டு தேவையில்லை, ஒரு இரவு போதும்.

மரங்களைப் பற்றிய பழமொழிகளிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ‘தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்.’ தென்னை ஐந்து, ஆறு வருடங்களில் காய்க்கத் தொடங்கும். பனை பாளை தள்ள பதினைந்து, இருபது வருடமாவது ஆகும். நட்டவர் வளர்வதைப் பார்க்கலாம், பயனை அனுபவிப்பது பெரும்பாலும் பிள்ளைகள். முன்னர் இதைப் பனைக்குச் சொல்லும் குறையாகவே கேட்டிருக்கிறேன். போரில் பங்கர் அமைக்க ஆயிரக்கணக்கில் பனைகள் தறிக்கப்பட்ட பிறகு, அதே வசனம் இழப்பின் கால அளவைச் சொல்வதாக மாறிவிட்டது. 2009க்குப் பிறகு நடப்பட்ட விதைகளில் பல இப்போதுதான் ஆளுயரத்தைத் தாண்டுகின்றன. ‘காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்’ என்று சொல்வதற்கும் முதலில் காவோலை விழும் அளவுக்கு மரம் நிற்க வேண்டுமே.

கடைசியாக, இன்றும் கமக்காரர்கள் வயலில் நின்று சொல்லும் பழமொழி ஒன்று. ‘புரட்டாதியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்.’ இது எங்கள் நிலத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. சோளகம் ஓய்ந்து, வாடை இன்னும் பிடிக்காத இடைவெளி அது. காலையில் வெயில் சுள்ளென்று எரிக்கும். சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து பின்னேரத்தில் முகிலாகத் திரண்டு இடியோடு கொட்டும். ஒரு ஊரில் பெய்யும், அடுத்த ஊரில் தூசு பறக்கும்.

காலபோகத்தின் புழுதி விதைப்பு நடப்பது இந்த இடைவெளியில்தான். காய்ந்த மண்ணை உழுது, நெல்லைப் புழுதிக்குள் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். தொடர்ந்து மழை கிடைத்தால் பயிர் மாரி வெள்ளத்துக்கு முன் வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். பிந்தினால் இளம்பயிர் வெள்ளத்தில் அழுகும். ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பொய்மழை வந்து நெல் முளைத்து, பிறகு இரண்டு மூன்று கிழமை வானம் காய்ந்தால், முளைத்த அத்தனையும் கருகிவிடும். திரும்ப விதைக்க வேண்டும். விதைநெல்லுக்குத் திரும்பக் கடன், உழவு இயந்திரத்துக்குத் திரும்பக் கூலி. பழமொழி ‘காயும்’ என்றும் சொல்கிறது, ‘பெய்யும்’ என்றும் சொல்கிறது. எது முதல், எத்தனை நாளுக்கு என்று சொல்வதில்லை. அந்த இடத்தை முன்பு நிரப்பியது வயதானவர்களின் கண். முகில் கட்டும் திசை, குளத்தின் மட்டம், அயலூரில் மழை பெய்ததா என்ற செய்தி எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு அது.

பரந்தனுக்கு அப்பால் மூன்று ஏக்கர் மானாவாரி செய்யும் ஒரு ஐயாவிடம் சென்ற புரட்டாதியில் பேசிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். பழமொழியை நான் எடுத்ததும் அவரே மீதியைச் சொல்லி முடித்தார்.

“அது சரியான சொல்லுத்தான் தம்பி. ஆனா முந்தி ஒருக்காப் பெய்தா, பின்னால வரும் எண்டு ஒரு நம்பிக்கை இருந்தது. இப்ப ஒருநாள் கொட்டிப்போட்டு மாதக்கணக்கில ஆளைக் காணேல்லை. மழை பிழைச்சா பழமொழி வந்து விதைநெல் தருமே?”

“அப்ப என்ன செய்யிறீங்கள் ஐயா?”

கைபேசியை எடுத்துக் காட்டினார். மகன் அனுப்பும் மழை எதிர்வுகூறல், கமநல சேவை நிலையத்திலிருந்து வந்த குறுஞ்செய்தி, இரண்டும் அதில் இருந்தன. பிறகு தெற்கே இரணைமடுப் பக்கம் கையைக் காட்டி, அங்கே மூன்று பின்னேரம் தொடர்ந்து மின்னினால்தான் தான் நம்புவேன் என்றார். இரண்டு நாள் மின்னியிருந்தது. மேட்டுப்பக்கம் ஒன்றரை ஏக்கருக்கு விதைத்துவிட்டிருந்தார். மீதி விதைநெல் மண்டபத்து மூலையில் இரண்டு சாக்கில் கட்டியபடி இருந்தது.